எண்ணூற்று மூன்று கிலோவில் நான்கு கிலோ

திருமலை லட்டுக்கு ஒரு படித்தரக் கணக்கு உண்டு. 5,100 லட்டுக்குப் பசு நெய் 165 கிலோ, கடலை மாவு 180, சர்க்கரை 400, முந்திரி 30, உலர்திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4. மொத்தம் 803 கிலோ. 2009-ல் இந்த லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பதி லட்டு என்ற பெயரில் வேறு யாரும் லட்டு செய்து விற்க முடியாது.

இந்தக் கணக்கில் வரும் பொருள்களைச் சொந்த ஊர் கேட்டு வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். நெய் மாட்டிலிருந்து வருவது, அந்தக் கதை வேறு. மற்றவையெல்லாம் பயிர்கள். கொண்டைக்கடலையை மனிதர் முதலில் பயிரிட்டது இன்றைய தென்கிழக்குத் துருக்கிப் பக்கம். திராட்சை காக்கசஸ் மலைப் பகுதிக்கும் மேற்காசியாவுக்கும் உரியது. சர்க்கரையும் கற்கண்டும் தரும் கரும்பு நியூகினித் தீவில் பிறந்தது. முந்திரி பிரேசில்காரி. நம் மேற்கு மலைத்தொடரின் ஈரக் காட்டில் தானாக முளைத்தது ஏலக்காய் மட்டும். 803 கிலோவில் நான்கு கிலோ.

கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பது நம் முன்னோருக்குத் தெரிந்தே இருந்தது. புறநானூற்றில் அதியமானைப் பாடும் ஔவையார், அவன் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததை அந்தக் குலத்தின் பெருமையாகவே சொல்கிறார். புதுப் பயிர் ஒன்றைக் கொண்டுவருவது அரசனுக்குப் புகழாக இருந்த காலம் அது. வந்த கரும்பும் வந்தபடியே இருந்துவிடவில்லை. அதன் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தையை இந்தியர்கள் கண்டுபிடித்தார்கள். உலகம் அதை இங்கிருந்துதான் கற்றுக்கொண்டது.

முந்திரியின் பயணம் இவ்வளவு பழையதல்ல. வடகிழக்கு பிரேசிலின் கடலோர மணலில் வளர்ந்த மரம் அது. பழத்தைப் பிழிந்து பானமாக்கவும், கொட்டையைச் சுட்டுத் தின்னவும் அங்கிருந்த துப்பி மக்களுக்குத் தெரியும். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். சுட்டு, உடைத்து, பருப்பை எடுக்கும் முறை தெரியாதவனுக்கு அது விஷக் காய். அந்தப் பழங்குடிகளின் அறிவும் சேர்ந்துதான் போர்த்துக்கீசியக் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் மரம் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. 1578-ல் அச்சான தன் நூலில், கொச்சித் தோட்டமொன்றில் அதைப் பார்த்ததாக மருத்துவர் கிறிஸ்தோவாவ் தா கோஸ்தா எழுதியிருக்கிறார். கோவாவில் அதன் பழம் ஃபெனியானது. பிறகு முந்திரி கொல்லத்தில் ஆலைகளாகவும், பண்ருட்டியிலும் வட ஆந்திரத்துப் பலாசாவிலும் ஊர்ப் பிழைப்பாகவும் ஆனது. அந்த ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் அதே எண்ணெயின் கறை இன்றும் இருக்கிறது.

பயணம் அத்தோடு முடியவில்லை. நம் தோப்புகளில் காய்ப்பது நம் ஆலைகளுக்குப் போதாது. ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா நாடுகளிலிருந்து பச்சைக் கொட்டை கப்பலில் வருகிறது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு முந்திரியைக் கொண்டுபோனவர்களும் போர்த்துக்கீசியர்களே. ஒரே பிரேசில் தாயின் பிள்ளைகள் இரு கண்டங்களில் வளர்ந்து, கொல்லத்து ஆலையில் ஒன்றாக வறுபடுகின்றன.

அதே போர்த்துக்கீசியக் கப்பல்கள் மிளகாயையும் கொண்டுவந்தன. அது மெக்சிகோவிலிருந்து கிளம்பியது. ஆனால் இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பு வேறு. முந்திரி பெருமாள் பிரசாதம் வரை போய்விட்டது. மிளகாயைப் பல வைணவக் கோயில் மடப்பள்ளிகள் இன்றும் உள்ளே விடுவதில்லை. அங்கே காரத்துக்கு மிளகுதான். திவசச் சமையலிலும் மிளகாய் இல்லை, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் இல்லை. காரணம் கேட்டால் ‘அதெல்லாம் சீமைக் காய்’ என்பார்கள் பெரியவர்கள். முந்திரியும் சீமைதான். அதை ஏன் யாரும் தடுக்கவில்லை?

எனக்குத் தோன்றும் விடை இது. முந்திரி யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. இனிப்பில் அதற்கென்று ஒரு புது இடம் கிடைத்தது. மிளகாயோ மிளகின் வேலையைப் பறித்தது. கொல்லையில் போட்டால் முளைக்கும், மிளகைவிட மலிவு, ஏழை வீட்டுக் கஞ்சிக்கும் துணை. அதனால் அடுப்படியை அது வென்றது, சடங்கின் வாசலில் மட்டும் நிறுத்தப்பட்டது. இன்று மிளகாய் இல்லாத ஆந்திரச் சாப்பாட்டை யாரால் நினைத்துப் பார்க்க முடியும்? நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி, நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. அந்த வறண்ட பூமியின் விவசாயியைக் காப்பாற்றிய நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. புதிதாக வந்தவனால் என் பிழைப்பு போகிறதா என்ற கேள்விதான் அவனை அந்நியன் என்றோ நம்மவன் என்றோ ஆக்குகிறது. அவன் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தான் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

லட்டு பிறந்த திருமலையின் மனிதர் வரலாறும் இப்படித்தான். ஹாதிராம் பாவாஜி வடநாட்டிலிருந்து யாத்திரையாக வந்து தங்கியவர். பெருமாளோடு சொக்கட்டான் ஆடியதாக ஐதிகம். திருடன் என்று சந்தேகப்பட்டு அவரை அறையில் அடைத்து, விடிவதற்குள் ஒரு அறைக் கரும்பையும் தின்று முடி என்றார்களாம். பெருமாள் யானையாக வந்து தின்று தீர்த்தார் என்பது கதை. வெளியூர்க்காரனைச் சந்தேகித்த ஊருக்கு சாமியே பதில் சொன்ன கதையாகத்தான் நான் இதைக் கேட்கிறேன். 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் நிர்வாகத்தை விட்டு விலகியபோது, பொறுப்பு அவர் பெயரால் அமைந்த மடத்தின் மகந்துகளிடம் போனது. 1933-ல் தேவஸ்தானம் அமையும்வரை, தொண்ணூறு ஆண்டுகள், தமிழர் பாசுரம் பாடித் தெலுங்கர் கீர்த்தனை பாடிய கோயிலை வடநாட்டு மரபில் வந்தவர்கள் நடத்தினார்கள்.

பிறகு எல்லைச் சண்டை வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வடவேங்கடம் தமிழ்கூறு நல்லுலகின் எல்லையாக இருந்தது உண்மை. ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் இரு பக்கமும் ஆட்கள் மிஞ்சினார்கள். சித்தூரில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. திருத்தணியில் தெலுங்கு வீடுகள் இருக்கின்றன. இவர்கள் எங்கேயும் குடியேறவில்லை. கோடுதான் இவர்கள்மேல் வந்து ஏறியது.

தமிழ்நாட்டு மேடைகளில் இப்போது ‘வந்தேறி’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பல தலைமுறைகளாகத் தமிழ் மண்ணில் உழுது, நெய்து, தெருக்கூட்டி வாழ்ந்த தெலுங்குக் குடும்பங்களை நோக்கி அது எறியப்படுகிறது. திருப்பூர்ப் பனியன் ஆலைக்கு வந்த பீகார்த் தொழிலாளி ‘வடக்கன்’ ஆகிறான். கூலி குறையுமோ என்ற பயம் பொய்யல்ல, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் கூலியைக் குறைப்பவர் முதலாளி. வசை வாங்குகிறவன் இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டு வந்தவன்.

இதற்கிடையில் லட்டும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. 1970-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம் வேங்கடேசுவரருக்குத் தேவஸ்தானத்தின் துணையோடு கோயில் எழும்பியது. திருமலையில் வாங்கிய பிரசாதம் பெட்டியில் பத்திரமாக வைக்கப்பட்டு நியூஜெர்சிக்கும் டெக்சாசுக்கும் பறக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த முந்திரி, சீனிக்குள் பொதிந்து, மறுபடியும் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. அதைக் கொண்டுபோகும் பிள்ளைகள் அங்கே விசாவுக்குக் காத்திருப்பவர்கள், உள்ளூர்க்காரன் வேலையைப் பறித்தவர்கள் என்று பேச்சுக் கேட்பவர்கள். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலத்து ஒலேத்தாவில், ஐதராபாத்துப் பொறியாளர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன், ‘என் நாட்டைவிட்டு வெளியே போ’ என்று கத்திவிட்டுச் சுட்டான். அன்று தெலுங்கு வீடுகளும் தமிழ் வீடுகளும் ஒன்றாகப் பதறின. அந்த வீடுகள் சிலவற்றில், அதே கூடத்தில், பக்கத்துத் தெருக்காரனை வந்தேறி என்று சொல்லும் குரலையும் நான் கேட்டிருக்கிறேன்.