அண்டச் சிறுமையும் அறப்பொறுப்பும்

பேரண்டத்தின் பரப்பையும் வயதையும் காட்டி, மனிதச் செயல் எதற்கும் மதிப்பில்லை, ஆகவே பிறருக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர் என்று முடிவுகட்டும் வாதம் அண்டச் சிறுமை வாதம் எனப்படும். பேரண்டத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு வெளிறிய புள்ளி மட்டுமே. இந்த அளவுகளை யாரும் மறுப்பதில்லை. அளவிலிருந்து பொறுப்பின்மைக்குத் தாவுகிற அந்த ஒரு படிதான் விவாதத்துக்குரியது.

மெய்யியலில் இதற்குக் கிடைத்த கூர்மையான மறுப்பு தாமஸ் நேகல் 1971இல் எழுதிய 'அபத்தம்' என்ற கட்டுரையில் உள்ளது. பத்து லட்சம் ஆண்டுகள் கழித்து இன்றைய செயல் பொருட்டாகாது என்றால், அன்று பொருட்டாகாது என்பதும் இன்றைக்குப் பொருட்டாகாது. உடலை அண்டம் அளவுக்குப் பெருக்கினாலும் வாழ்க்கைக்குக் கூடுதல் பொருள் வந்துவிடாது என்பதும் அவர் காட்டியதே. 2014இல் மெய்யியலாளர் கை கஹானே எதிர்த்திசையில் சென்றார்: அறிவுள்ள உயிர் வேறெங்கும் இல்லையெனில், அண்டத்தின் மதிப்பெல்லாம் இந்தச் சிறு கோளில்தான் குவிந்திருக்கிறது. பீட்டர் சிங்கர் 1972இல், கிழக்கு வங்க அகதிகளின் பட்டினியை முன்வைத்து, தொலைவு கடமையைக் குறைக்காது என்று வாதிட்டார்.

தமிழ் மரபு

தமிழ் நூல்களுக்கு அண்டத்தின் பெருமை புதிய செய்தி அல்ல. மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி, நூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களையும் வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் துகள்களாகக் காண்கிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் உயிரை ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பமாக நிறுத்துகிறார். கவனிக்க வேண்டியது இதுதான்: எல்லாரும் உறவினர் என்று சொல்லும் அதே பாடல்தான் உயிர் முறைவழியே போகும் என்றும் சொல்கிறது. சிறுமை அங்கே உறவை முறிக்கவில்லை. பெரியவரை வியக்கவும் சிறியவரை இகழவும் இடமில்லாமல் செய்கிறது.

மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதுவும் நிலையில்லை என்ற பௌத்தக் கோட்பாட்டை முழுதாக ஏற்ற காப்பியம் அது. அதன் நாயகியோ அமுதசுரபி என்னும் வற்றாத உணவுக் கலத்தை ஏந்திப் பசித்தவரைத் தேடிப் போகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் வரம் கேட்கிறாள். நிலையாமை பசியைப் பொய்யாக்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல் தமிழில் இல்லை என்றே கருதலாம். எண்ணற்ற அண்டங்களைப் பாடிய வள்ளலாரும் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார்.

சிங்கப்பூரில்

வானத்தின் பெருமையைக் கண்ணால் காண்பதற்குச் சிங்கப்பூர் ஏற்ற இடமன்று. 2016இல் வெளியான உலக இரவுவான் வரைபடம், செயற்கை ஒளியால் வானம் மிக அதிகமாக மாசுபட்ட நாடு என அதைக் குறித்தது. அங்கே சிறுமை வேறு வழியில் வருகிறது. ஒருவரை இன்னொருவர் சிறியவராகக் கணக்கிடுவதால் வருகிறது. 2020இல் கொவிட் தொற்று எண்ணிக்கை நாள்தோறும் சமூகம் என்றும் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் என்றும் பிரித்தே அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது அரசின் கணக்கிலேயே தெரிந்தது.

இந்தப் பொருளின் உண்மையான சோதனைக்களம் லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் இருக்கிறது. வேலையிடத்தில் காயம்பட்டவர், சம்பள பாக்கிக்காக முறையிட்டவர் ஆகியோரில் பலருக்கு வேலை அனுமதி போய், வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் காத்திருக்க நேர்கிறது. அப்போது பலருக்கு வருமானம் நின்றுபோகிறது. வழக்கு முடியாமல் ஊருக்குத் திரும்புவதும் எளிதல்ல. அத்தகைய வங்கதேச, இந்திய ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற தொண்டமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கிவருகிறது. கஃப் சாலைத் திட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே தட்டுடன் நிற்பவரிடம் அண்டம் பெரிது என்று சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் சம்பள பாக்கி அதனால் குறையாது. இந்த வாதத்தைப் பாக்கியைத் தர வேண்டியவர் சொல்லலாமே தவிர, பெற வேண்டியவர் சொல்வதில்லை. பேரண்டத்தின் முன் முதலாளியும் தொழிலாளியும் ஒரே அளவு சிறியவர்கள் என்பதால், அந்தச் சிறுமையை ஒருவர் மட்டும் தன் விலக்குச் சீட்டாக எடுத்துக்கொள்ள நியாயமே கிடையாது.

சிறுமைக்கு நேர்மையான ஒரு பயனும் உண்டு. தனியொருவர் கைக்கு எட்டுவது கொஞ்சமே. ஆகவே பொறுப்பைத் தனிமனிதரின் இரக்கத்துக்கு மட்டும் விடலாகாது; சட்டமும் வேண்டும். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், முதலாளி தவறு செய்தார் என்று ஊழியர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்கிறது. அச்சட்டத்தில் அடங்கும் உடலுழைப்பு ஊழியர் ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவாயினும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.