சுறாவின் மீது விழுந்த பழி

குறைஷிக் குலத்தின் பெயர்க்காரணம் குறித்து அறபு அகராதி நூல்கள் பல கூற்றுகளைத் தருகின்றன. கடல்வாழ் உயிர்களுள் வலிமை மிக்கதாகிய 'கிர்ஷ்' என்னும் சுறாவிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பது அவற்றுள் ஒன்று. 14-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில் இதனைக் குறிப்பிடுகிறார். சுறா கொல்லும் என்பதை அறபிகள் அறிவர். அறிந்தும், ஒரு பெருங்குலத்தின் சிறப்புக்கு அதனை உவமையாக்கினர். நம் காலத்தில் அம்மீனுக்கு வாய்த்த பெயரோ வேறு. அதனைச் சூட்டியது திரைப்படம்.

விலங்கினம் மனிதன் மீது பாயும் கதைகளை அமெரிக்கப் படவுலகம் முன்னரே காட்டி வந்தது. 1954-இல் வெளிவந்த 'தெம்' படத்தில், அணுகுண்டுச் சோதனையின் விளைவாக எறும்புகள் பூதாகாரமாய் வளர்ந்தன. 1963-இல் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் பறவைகள் ஓர் ஊரையே முற்றுகையிட்டன. ஆயினும், கடலில் இறங்கவே மக்களை அஞ்ச வைத்தது 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்'. முந்திய ஆண்டு பீட்டர் பெஞ்ச்லி எழுதிய நாவலே அதன் மூலம்.

கதையில் உண்மையின் சாயல் இல்லாமலில்லை. 1916 ஜூலை 1 முதல் 12 வரை, நியூ ஜெர்சிக் கடற்கரையிலும் மட்டவான் ஓடையிலும் ஐவர் சுறாவின் தாக்குதலுக்கு இலக்காயினர்; நால்வர் மாண்டனர். படத்தின் உரையாடலிலும் இந்நிகழ்ச்சி பேசப்படுகிறது. ஆனால் மனிதரைத் தேடித் தேடி வேட்டையாடும் சுறா, கற்பனையின் படைப்பே.

படத்திற்கெனச் செய்த இயந்திரச் சுறாக்கள் உப்புநீரில் அடிக்கடி பழுதாயின. ஆகவே இயக்குநர் மீனைப் பெரும்பாலும் மறைத்து, நீர்ப்பரப்பையும் ஜான் வில்லியம்ஸின் இசையையும் கொண்டே திகிலை வளர்த்தார். கண்ணுக்குத் தெரியாத பகைக்கு மனித மனம் தரும் உருவம் எப்போதும் பெரிதன்றோ!

ஊன்றிப் பார்ப்போர்க்கு அப்படத்தில் மற்றொரு குற்றவாளியும் புலப்படுவான். சுற்றுலா வருவாய் குன்றிவிடும் என்று கடற்கரையை மூட மறுக்கும் ஊர்த்தலைவனே அவன். மீன் பசிக்கு இரை தேடியது. மனிதன் பணத்துக்காக ஆபத்தை மறைத்தான். இப்பாடத்தை மக்கள் மறந்தனர். அச்சத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

அதன் விளைவு என்ன? சுறாவைக் கொன்று பரிசும் புகழும் பெறும் வேட்டை அமெரிக்கக் கடற்கரைகளில் பெருகியது. துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் நடந்த பெருமீன்பிடிப்பு அதனினும் பன்மடங்கு அழித்தது. திறந்த கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்கள் 1970-க்குப் பின் அரை நூற்றாண்டில் 71 விழுக்காடு குறைந்தன என்று 2021-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது. படம் ஒன்றே இதற்குக் காரணமன்று. ஆயினும், அரக்கன் எனப் பெயர் பெற்ற உயிருக்காகக் கண்ணீர் சிந்துவார் யார்? சுறாவால் உலகெங்கும் ஆண்டொன்றுக்கு மாள்வோர் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதனால் மாளும் சுறாக்களோ கோடிக்கணக்கில்!

நாவலாசிரியர் பெஞ்ச்லி தம் எழுத்தின் விளைவை உணர்ந்தார். 2006-இல் மறையும் வரை கடலையும் சுறாவையும் காக்கப் பேசியும் எழுதியும் வந்தார். 2022-இல் ஸ்பீல்பெர்க்கும் தம் வருத்தத்தை வெளிப்படையாகக் கூறினார். வெண்சுறாவைக் கொல்வதை 1991-இல் தென்னாப்பிரிக்கா சட்டத்தால் தடுத்தது. அச்சம் பரவிய வேகத்தில் நீதி பரவவில்லை.

பசு, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய அத்தியாயங்கள் திருமறையில் உள்ளன. விலங்கும் பறவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதை அல்-அன்ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. வீணுக்குக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் இறைவனிடம் முறையிடும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். குருவிக்குள்ள வழக்கு சுறாவுக்கு இல்லாது போகுமா?

இத்தகைய படங்கள் இன்று நம் வீட்டுக் கூடத்திலேயே ஓடுகின்றன. அவற்றைக் கண்டு பிள்ளைகள் நடுங்கும்போது, திரையில் வராத இம்மறுபாதி வரலாற்றையும் பெரியோர் எடுத்துரைப்பாராக. பூமியும் கடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு நாளை கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.