தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு

எங்க அம்மாயி வீட்டில் ஒரு கதை இருக்கு. கதை என்றும் சொல்ல முடியாது, அரை வசனம்தான். அம்மாயியோட அம்மாவுக்குப் பூனைக்கண். யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அது துரை வழி" என்று ஒருவர் மெல்லச் சொல்வார். உடனே இன்னொருவர் பேச்சை மாத்திடுவார். பூட்டி பிறந்தது லக்கல மலைப்பக்கத் தோட்டம் ஒன்றில். அவருடைய பிறப்புப் பதிவின் பிரதியில், தகப்பன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கு. துரை ஸ்கொட்லாந்துக்காரர் என்பது மட்டும்தான் வீட்டில் மிஞ்சிய ஞாபகம்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்த ஆளைத் தேடித்தான் ஸ்கொட்லாந்தின் குடும்பப் பதிவேடுகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் "உன் பிள்ளைக்குத் தகப்பன் யார்" என்ற கேள்வியை அங்கே யார் கேட்டார்கள், இங்கே ஏன் யாரும் கேட்கவில்லை என்பது ஓரளவு விளங்கியது. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

மாத்தளை, கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த எங்கட சனத்துக்கு மலைநாட்டின் வாசல். அங்கிருந்து ரத்தோட்டை, கம்மடுவ, லக்கல என்று நக்கிள்ஸ் மலைச்சரிவுகளில் தோட்டங்கள் ஏறின. அந்தத் தோட்டங்களைத் திறந்தவர்களிலும் நடத்தியவர்களிலும் ஸ்கொட்லாந்துக்காரர் நிறைய, அதிலும் அந்நாட்டின் வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரின் ஓகன்பிளே கிராமத்தில் 1835 இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இங்கே வந்தார். ஊரில் ஒருவர் வந்தால் பிறகு அவருடைய தம்பி, ஒன்றுவிட்ட சகோதரன், பக்கத்துவீட்டுப் பையன் என்று வரிசையாக வருவார்கள்.

அதே வடகிழக்கு ஸ்கொட்லாந்து இன்னொரு விஷயத்துக்கும் பேர்போனது. 19 ஆம் நூற்றாண்டில் கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் அந்நாட்டில் அதிகமாக இருந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. பண்ணைகளில் வேலை செய்த இளம் பெண்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பண்ணை மாறிப் போகும் உழவர்கள். ஆகவே தகப்பனைத் தேடுவது அங்கே புதிய வேலை இல்லை. அதற்கென்றே வழிமுறைகள் இருந்தன.

முதல் வழி தேவாலயம். ஒவ்வொரு ஊர்ச்சபையிலும் போதகரும் மூப்பர்களும் சேர்ந்த 'கிர்க் செஷன்' என்ற மன்றம் இருந்தது. கர்ப்பமான பெண்ணை அழைத்து, யார் காரணம் என்று கேட்பார்கள். அவள் சொன்ன ஆளையும் அழைப்பார்கள். அவன் ஒப்புக்கொண்டானா, மறுத்தானா என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸே 1786 இல் மொக்லின் கிராமத் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் கண்டனம் வாங்கியவர். அந்த நேரம் அவர் ஜமைக்காவுக்குக் கப்பலேறி, தோட்டமொன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகத் திட்டமிட்டிருந்தார். கவிதைப் புத்தகம் வெற்றி பெற்றதால் போகவில்லை. ஊரில் பிரச்சினை வந்தால் காலனியில் தோட்டம் இருக்கிறது என்ற யோசனை எவ்வளவு பழையது பாருங்கள்.

தேவாலயத்தை இதற்காகப் புகழ வேண்டியதில்லை. பெண்ணை அவமானப்படுத்துவதும் அந்த விசாரணையின் ஒரு பகுதிதான். பிள்ளையின் செலவு ஊர்ச்சபையின் தலையில் விழக்கூடாது என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும் அந்தக் கணக்கால் தகப்பனின் பெயர் காகிதத்தில் ஏறியது. அந்தப் பதிவேடுகள் 2021 முதல் 'ஸ்கொட்லண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரச இணையத்தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன.

இரண்டாவது வழி நீதிமன்றம். 1855 ஜனவரி 1 இல் ஸ்கொட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயமானது. கலியாணமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுத வேண்டுமென்றால் அந்த ஆளும் பதிவாளரிடம் வந்து தாயோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் இடம் காலி. பக்கத்தில் 'சட்டபூர்வமற்ற பிள்ளை' என்று ஒரு குறிப்பு வேறு. அது 1919 வரை தொடர்ந்தது. ஆனால் தாய் ஷெரிஃப் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வென்றால் தகப்பனின் பெயர் 'திருத்தப்பட்ட பதிவுகள்' என்ற தனிப் புத்தகத்தில் ஏறும். இன்றைக்கு முன்னோரைத் தேடுகிறவர்கள், பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்தப் புத்தகத்துக்கான குறிப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இப்படிப் பிறந்த ஒருவரை நாங்கள் வேறொரு காரணத்துக்காக அறிவோம். 1866 இல் லொஸிமவுத் என்ற மீன்பிடி ஊரில் பண்ணை வேலைக்காரி ஒருவருக்கும் உழவர் ஒருவருக்கும் பிறந்தவர் ராம்சே மக்டொனால்ட். 1915 இல் அவரை அவமானப்படுத்த 'ஜோன் புல்' என்ற பத்திரிகை அவருடைய பிறப்புச் சான்றிதழையே அச்சிட்டது. அவர் பிறகு பிரித்தானியாவின் முதலாவது தொழிற்கட்சிப் பிரதமரானார். 1931 இல் டொனமூர் அரசியல் யாப்பின் வழியாக இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது லண்டனில் பிரதமராக இருந்தவர் அவர்தான்.

இனி இந்தப் பக்கம் வருவோம். இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1889 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க பராமரிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி கலியாணமாகாத தாயும் பிள்ளையின் தகப்பனிடம் மாதப் பணம் கேட்டு நீதவான் நீதிமன்றம் போக முடிந்தது. ஆனால் பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் போக வேண்டியிருந்தது. தாயின் வாய்மொழி மட்டும் போதவில்லை, அதை உறுதிப்படுத்த வேறு சாட்சியமும் வேண்டியிருந்தது.

இதை ஒரு லயத்துக் காம்பிராவில் வைத்து யோசித்துப் பாருங்கள். வழக்குக்குப் போக அவள் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பங்களா அப்பு, கணக்கப்பிள்ளை, பக்கத்து லயத்து ஆட்கள். எல்லோருக்கும் பேர் போடுவது அதே துரை. பிறப்பை அறிவிப்பதும் துரையின் கந்தோர் வழியாகத்தான். கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆள் என்றால் அங்கே கோடுதான் விழும். அந்த உறவு விருப்பமா, பயமா, வற்புறுத்தலா என்பதைச் சொல்ல அந்தப் பதிவில் இடமே இல்லை. எங்க பூட்டியின் தாய்க்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு மட்டும் ஆதாரம் உண்டு. டார்ஜிலிங், அசாம் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பிள்ளைகளுக்காக ஸ்கொட்லாந்து மிஷனரி ஜோன் அண்டர்சன் கிரஹம் 1900 இல் கலிம்பொங்கில் ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கிருந்து பல பிள்ளைகள் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கட நுவரெலியாவிலும் பெய்ன்டர் குடும்பத்தார் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார்கள். ஓவியர் டேவிட் பெய்ன்டர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் எங்க பூட்டி எந்த இல்லத்துக்கும் போகவில்லை. லயத்திலேயே வளர்ந்து, அங்கேயே கொழுந்து எடுத்தார்.

பிறகு 1948 வந்தது. அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நவம்பருக்கு முன் இலங்கையில் பிறந்தவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமென்றால் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் துரைமாரிடம் யாரும் கேட்காத கேள்வியை அரசாங்கம் இப்போது எங்கட சனத்திடம் கேட்டது: உன் தகப்பன் யார், எங்கே பிறந்தான், காகிதம் எங்கே? தகப்பன் பெயர் ஒழுங்காக உள்ள லட்சக்கணக்கான பேருக்கே காகிதம் இல்லாமல் நாடு இல்லாமல் போனது.

தேட விரும்புகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தால், ஃபர்கசன் டிரெக்டரியின் அந்த ஆண்டுப் பதிப்பில் அந்தத் தோட்டத்துத் துரையின் பெயர் இருக்கும். லக்கலப் பக்கமென்றால் 'மாத்தளை கிழக்கு' என்ற பகுதியையும் பாருங்கள். பெயர் கிடைத்தால் ஸ்கொட்லாந்துப் பதிவேடுகளில் தேடலாம். ஆனால் டிரெக்டரி தருவது அந்த நேரம் தோட்டத்தில் இருந்தவரின் பெயரை மட்டும். அது தகப்பன் பெயர் ஆகாது. சின்னத்துரைமார் தோட்டம் மாறிக்கொண்டே இருந்தார்கள். உறவினர் இரண்டு பக்கமும் டிஎன்ஏ பரிசோதனை செய்திருந்தால் மட்டும்தான் உறுதியாக ஏதும் சொல்லலாம்.

ஒன்று மட்டும் எனக்குக் கசக்கிறது. அந்தத் துரையின் பெயர் கிடைத்தால், அவருடைய பிறப்புப் பதிவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் அவர் தகப்பன் பெயர், தகப்பனின் தொழில், தாயின் கன்னிப் பெயர், அவர்கள் கலியாணம் கட்டிய திகதி, ஊர் எல்லாம் இருக்கும். எங்க பக்கம், பூட்டியைப் பெற்றவரின் பெயர் மட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கு. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை.

போன விடுமுறைக்கு லக்கலக்குப் போனேன். பழைய பல்லேகம நகரம் இப்போது களு கங்கை நீர்த்தேக்கத்தின் அடியில். திரும்பி வந்து அம்மாயியிடம், "துரையைப் பத்தி ஏதும் தெரியுமா?" என்று வழக்கம்போல் கேட்கவில்லை. "உங்க அம்மாயி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லாப் பாடுவாங்களாம், அம்மா சொல்லும்" என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.