பொங்கல் வெள்ளையடிப்பு

மார்கழி பிறந்தால் தமிழ்நாட்டு ஊர்களில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். போகிக்குள் முடித்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பாசி பிடித்த சுவர் காய்வதும் அப்போதுதான் என்பதால், இந்த வழக்கத்தில் சடங்கைவிடப் பருவத்தின் பங்கே பெரிது எனலாம்.

சுண்ணாம்பு காளவாயிலிருந்து வந்தது. உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லையும், பழவேற்காடு போன்ற கடற்கரைப் பகுதிகளில் கிளிஞ்சலையும் சுட்டார்கள். வாங்கிவந்த கல்லைப் பானையிலோ தொட்டியிலோ போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதிக்கும். தெறித்தால் கண் போய்விடும் என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். ஓரிரு நாள் ஊறியபின் சாக்கில் வடிகட்டி, சுவரில் ஒட்டப் பசையோ கஞ்சியோ சேர்த்து, பளிச்சிட ஒரு சிட்டிகை நீலமும் கலப்பார்கள். நுனியை நசுக்கி நாராக்கிய மட்டையே தூரிகை. பூசும்போது சுவர் மங்கலாகத்தான் தெரியும். காய்ந்தபின், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்பு மறுபடி கல்லாக இறுகும்போதே வெண்மை ஏறும். திண்ணையோரம் காவிப்பட்டை அடித்தால் வேலை முடிந்தது.

சிமென்ட் சுவர்களும் டிஸ்டெம்பர், எமல்ஷன் வண்ணங்களும் பரவியபின் ஆண்டுதோறும் பூசும் தேவை குறைந்தது. காளவாய்கள் பலவும் அணைந்தன.