ஹூக்ளியில் கொட்டினாலும் ஐந்து வட்டி

பெருந்திட்டம் ஒன்றின் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது என்றதும் நாம் முதலில் ஊழலைத்தான் தேடுகிறோம். பல இடங்களில் அது கிடைக்கவும் செய்கிறது. ஆனால் இந்திய இருப்புப்பாதையின் முதல் இருபது ஆண்டுகளைப் படிக்கையில், யாரும் திருடவேண்டிய தேவையே இல்லாமல் செலவு இரு மடங்கைத் தாண்டிய விந்தையைக் காண்கிறோம்.

1849 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில்வே நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒன்று கல்கத்தாவிலிருந்தும் மற்றொன்று பம்பாயிலிருந்தும் பாதை போடவேண்டியவை. நிலம் இலவசம். லண்டனில் திரட்டும் முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி. பாதை அவ்வளவு ஈட்டாவிட்டால் குறையை இந்திய வருவாயிலிருந்து அரசு ஈடுசெய்யும். பின்னர் வந்த சென்னை ரயில்வேயும் இந்த உத்தரவாதத்தின் மேல் நின்றதுதான். 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் வண்டிக்குப் பின்னாலும் இத்தகைய வட்டி உத்தரவாதம் இருந்தது.

டல்ஹவுசி காலத்து மதிப்பீடு மைலுக்கு 8,000 பவுண்டு. 1868 வாக்கில் சராசரிச் செலவு சுமார் 18,000 பவுண்டு. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8,000 பவுண்டுக்கு ஐந்து வட்டி ஆண்டுக்கு 400. 18,000 பவுண்டுக்கு 900. ஆக, செலவு ஏற ஏறப் பங்குதாரரின் உறுதியான வருமானமும் ஏறியது. சிக்கனமாகக் கட்டு என்று பொறியாளரை நெருக்க அவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? நம்மூர் வட்டிக்கடைக்காரர்கூட ஈடு கேட்பார், கடன் வாங்கியவன் பணத்தை என்ன செய்கிறான் என்று ஒரு கண் வைத்திருப்பார். இங்கே ஈடாக வைக்கப்பட்டவை யாரையும் கேளாமல் வைக்கப்பட்ட உழவனின் நிலவரியும் உப்புவரியும்.

இயற்கைக்கும் பங்குண்டு என்பதை மறைப்பது நியாயமன்று. சோன் நதியின் அகலம், போர்காட் மலைச்சரிவு, 1857 கிளர்ச்சி, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இரும்பு எல்லாமே செலவைக் கூட்டின. கல்கத்தாவுக்கு ரயில் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் கரையருகே மூழ்கியதும், இஞ்சினை ஏற்றிய கப்பல் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதும் இன்று நகைச்சுவையாகத் தெரியலாம். ஆயினும் 1863-ல் திறந்த போர்காட் வழியில் நான்கே ஆண்டுகளில் ஒரு பாலம் இடிந்து விழுந்ததற்கு மலையைக் குறைசொல்ல முடியாது. கட்டுமானமே தரம் குறைந்திருந்தது. அரசுப் பொறியாளர்கள் ஒவ்வொரு வரைபடத்தையும் பார்த்து ஒப்புதல் தந்தார்கள் என்பதும் உண்மை. அந்த மேற்பார்வையால் வேலை தாமதப்பட்டது, செலவு குறையவில்லை.

இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாஸி, 1872-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: ஐந்து வட்டி உறுதியானபின், தம் பணம் ஹூக்ளியில் எறியப்பட்டதா செங்கல்லும் காரையுமாக மாறியதா என்ற கவலை ஆங்கில முதலாளிக்கு இல்லை. கேட்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திராது. அதற்கு முன்பே, 1869-ல், லாரன்ஸ் இம்முறையைக் கடுமையாக எதிர்த்து, அரசே பாதை போடவேண்டும் என்று வாதாடியிருந்தார்.

அரசு கட்டத் தொடங்கியதும் சிக்கனம் வந்தது. அதுவும் வேறொரு வகையில் விலை கேட்டது. மேயோ காலத்தில், 1870-ல், செலவைக் குறைக்க மீட்டர் பாதை ஏற்கப்பட்டது. இரண்டு அகலங்கள் சந்திக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டைகளை இறக்கி ஏற்றும் கூலி எந்த மதிப்பீட்டிலும் சேராமல் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. 1861-62-ல் அகலப் பாதையாகப் போடப்பட்ட நாகப்பட்டினம்–திருச்சி வழி 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்திற்குப் பிறகு, நம் கண்முன்னேயே, அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து மறுபடி அகலமாக்கினார்கள்.