கூத் என்னும் தலைக்கவசம்

ஹைதராபாத்தில் மூசி ஆற்றங்கரைக்குப் போனால் சாலார் ஜங் அருங்காட்சியகம். அதன் ஆயுதக்கூடத்தில் எஃகுத் தலைக்கவசங்களைப் பார்க்கலாம்.

பாரசீகத்திலிருந்து வந்த இந்த வகைக்கு 'கூத்' என்று பெயர். (நம் கூத்துக்கும் இதற்கும் உறவில்லை!) கவிழ்த்த கிண்ணம் போன்ற எஃகுக் குவடு, உச்சியில் கூர்முனை, இறகு செருக இரண்டு குழல்கள், மூக்கைக் காக்க ஏற்றி இறக்கும் பட்டை. விளிம்பில் தொங்கும் இரும்பு வளைய வலை கழுத்தையும் தோளையும் மூடும். ஜப்பானியச் சாமுராயின் 'கபுதோ' வேறு கதை: 62 தகடுகளைக்கூட ஆணியடித்துச் சேர்த்த குவடுகள் உண்டு. நெற்றியில் பிறையோ கொம்போ நிமிர்ந்து நிற்கும். பகட்டில் அதற்கே முதலிடம்.

ஆனால் நுணுக்கத்தில் நம் கொல்லர்கள் சளைத்தவர்களா? எஃகின் மேல் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, அந்தச் சொரசொரப்பில் தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். பிறகு தேய்த்து மெருகேற்றுவார்கள். கொடியும் பூவும் எழுத்தும் மின்னும். இந்த வேலைக்குக் கோப்த்காரி என்று பெயர்.

தக்காணத்தில் நல்ல எஃகுக்கும் பஞ்சமில்லை. நிஜாமாபாத் பக்கத்துக் கோனசமுத்திரத்தில் மண்மூசைகளில் உருக்கிய எஃகை வாங்கப் பாரசீக வணிகர்களே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியலாளர் ஹென்றி வாய்ஸி அதை நேரில் கண்டு எழுதினார். தெலுங்கில் அது உக்கு, தமிழில் உருக்கு.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இசைக் கடிகாரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஆயுதக்கூடத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.