முதல் சீசனை வைத்து ஆளை அளக்கலாமா?



2024 செப்டெம்பரில் காலியில் கமிந்து மெண்டிஸ் தன் 13ஆவது டெஸ்ட் இனிங்ஸில் 1000 ஓட்டங்களைக் கடந்தபோது, "பிரட்மனுக்கும் 13 இனிங்ஸ்தான்" என்று எல்லோரும் பகிர்ந்தோம். உண்மைதான். ஆனால் பிரட்மனின் முதல் போட்டியை யாரும் பகிரவில்லை. 1928, பிரிஸ்பேன்: 18 ஓட்டங்கள், பிறகு 1. அடுத்த டெஸ்டில் இடமில்லை. கமிந்துவும் 2022இல் அறிமுகப் போட்டியில் 61 அடித்தவர். அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2024 மார்ச்சில். அதில் இரண்டு இனிங்ஸிலும் சதம்!

இப்படி ஒப்பிடுவதற்கு எனக்குப் பிடித்த போட்டி 1992 ஓகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவுடன் நடந்தது. அதில் இலங்கைப் பக்கம் இரண்டு இளம் துடுப்பாட்ட வீரர்கள். அறிமுகப் போட்டியில் ஆடிய களுவிதாரண ஆட்டமிழக்காமல் 132. மாவன் அத்தபத்து 0, 1. அன்று மைதானத்தில் இருந்தவர்களிடம் எதிர்காலம் யாருக்கு என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? களுவிதாரணவின் டெஸ்ட் சதங்கள் மூன்றோடு நின்றன. முதல் ஆறு இனிங்ஸில் மொத்தமே 1 ஓட்டம் எடுத்த அத்தபத்து 5502 ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் குவித்தார்.

அதே போட்டியில் மறுபக்கம் ஷேன் வோர்ன். அதுவரை டெஸ்டில் 335 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். நாங்கள் வெல்லும் தறுவாயில் அலன் போர்டர் பந்தை அவரிடமே கொடுத்தார். ஒரு ஓட்டமும் கொடுக்காமல் கடைசி மூன்று விக்கெட்டையும் சாய்த்தார். 16 ஓட்டங்களால் தோற்றோம். (இன்றும் நினைத்தால் வயிறெரிகிறது.) அடுத்த டெஸ்டில், கெத்தாராமவில், 20 வயது முரளிதரன் அறிமுகம்: 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். பின்னர் வோர்ன் 708, முரளி 800.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கரம் காயைச் சுண்டுவதுபோலப் பந்தைச் சுண்டிய அஜந்த மெண்டிஸ், 2008இல் இந்தியாவுக்கு எதிரான முதல் தொடரின் மூன்று டெஸ்டில் 26 விக்கெட் எடுத்தார். அடுத்த முரளி என்றார்கள். 19 டெஸ்டில் 70 விக்கெட்டோடு முடிந்தது.

இதையெல்லாம் எழுதக் காரணம், எங்கள் பக்கத்தில் பந்தைச் சுழற்றும் பிள்ளைகளையும் முதல் மச்சிலேயே "அடுத்த முரளி" ஆக்கிவிடுகிறோம். இரண்டு மச்சில் அடி வாங்கினால் "ஓ.எல். வருது, ரியூசனுக்குப் போ" என்கிறோம். நானும் வாத்தியார்தான், படிப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸ். 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடியபோது வயது 22. அவரை முரளியோடு ஒப்பிடுவது பொருந்தாது. முரளி ஓஃப் ஸ்பின், இவர் லெக் ஸ்பின். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வோர்னோடு ஒப்பிடுங்கள். எஸ்.எஸ்.சி.யில் போர்டர் பந்தைக் கொடுத்த அன்று வோர்னுக்கும் வயது 22.